சதுரங்க ஆட்டத் தரவை ஏஐ ஏஜென்ட் சரியாகப் பயன்படுத்த: டூல் விளக்கம் எழுதும் முழுமையான வழிகாட்டி

சென்னையில் ஒரு சதுரங்கப் பயிற்சி மையத்தின் ஆட்டப் பதிவுகளை ஏஐ ஏஜென்ட் ஒன்றோடு (கேள்வியைப் புரிந்துகொண்டு, நாம் தரும் டூல்களை அழைத்துப் பதில் சொல்லும் மென்பொருள்) இணைத்தேன். அதன் பிறகு கல்லூரி மாணவர்கள் சிலர் இதே வேலையைச் செய்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எல்லோரும் தடுக்கி விழுந்தது ஒரே இடத்தில்தான். நிரல் பிழையில்லாமல் ஓடும். ஏஜென்ட்டும் பதில் சொல்லும். பதில் மட்டும் தப்பாக இருக்கும், அது தப்பு என்று யாருக்கும் உடனே தெரியாது.

காரணம் எளியது. ஏஜென்ட்டுக்குள் இருக்கும் மொழி மாடல் உங்கள் நிரலைப் பார்ப்பதில்லை, டேட்டாபேஸையும் பார்ப்பதில்லை. டூல் என்பது ஏஜென்ட் அழைக்கும் சிறு நிரல்; அதன் பெயர், அதன் விளக்கம், உள்ளீடுகளின் ஜேசன் ஸ்கீமா (எந்த உள்ளீடு எந்த வடிவில் வர வேண்டும் என்ற குறிப்பு) ஆகிய மூன்றும்தான் மாடலின் முன் வருகின்றன. எம்சிபி (மாடலையும் டூல்களையும் இணைக்கும் பொது நெறிமுறை) வழியாக இணைத்தாலும் நேரடி ஏபிஐ (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) வழியாக இணைத்தாலும் இதுதான் நிலை. உங்கள் தலைக்குள் இருக்கும் விஷயம் அந்த மூன்றில் எழுதப்படாவிட்டால், மாடல் தானாக ஒன்றை ஊகித்துக்கொள்ளும்.

கீழே டூல் பெயர்களையும் விளக்கங்களையும் படிக்க வசதியாகத் தமிழில் தருகிறேன். நிரலில் டூல் பெயரை ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றை மட்டும் வைத்து எழுதுங்கள். பல ஏபிஐகள் வேறு எழுத்தை ஏற்பதில்லை.

1. தொடங்கும் முன் சேர்த்துக்கொள்ள வேண்டியவை

முதலில் வேண்டியது உண்மையான கேள்விகள். பயிற்சியாளர்கள், பெற்றோர், மாணவர்கள் என்ன கேட்பார்கள் என்று நீங்களாக யோசித்து எழுதாதீர்கள். அவர்களிடமே போய்க் கேட்டு, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். முப்பது கேள்விகள் போதும். "பொண்ணு கறுப்புல ஆடுனா ஏன் தோக்குறா?" என்று ஒரு அம்மா கேட்டார். அதில் நிறம், முடிவு இரண்டும் இருக்கின்றன; ஏன் என்று பார்க்க ஓப்பனிங்கும் (ஆட்டத்தின் தொடக்க நகர்வு முறை) வேண்டும். நானாக யோசித்திருந்தால் அப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றியிருக்காது.

இரண்டாவது, டேட்டாவின் ஒவ்வொரு புலத்துக்கும் (பெயர், தேதி, முடிவு போன்ற ஒவ்வொரு தகவல் இடத்துக்கும்) ஒரு வரி: என்ன அலகு, எங்கிருந்து வந்தது, எந்த வருடத்திலிருந்து இருக்கிறது, எப்போது காலியாக இருக்கும். இதை எழுத, டேட்டாவை வருடக்கணக்கில் பதிவு செய்தவரோடு ஒரு மாலை நேரம் உட்காருங்கள். எங்கள் மையத்தில் அவர் சொன்ன விஷயங்களில் பாதி எந்த ஆவணத்திலும் இல்லை.

மூன்றாவது, ஏஜென்ட் எந்த டூலை எந்த மதிப்போடு அழைத்தது என்று காட்டும் லாக். இது இல்லாமல் விளக்கத்தைத் திருத்துவது கண்ணைக் கட்டிக்கொண்டு காய் நகர்த்துவது போல.

2. கேள்வியிலிருந்து டூலுக்குப் போங்கள்

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். டேட்டாபேஸில் பதினைந்து டேபிள் இருந்தால் பதினைந்து டூல் செய்துவிடுவார்கள். ஒரு கேள்விக்கு ஆறு டூலை வரிசையாக அழைக்க வேண்டி வரும். நடுவில் ஒன்று பிசகினால் மொத்தமும் பிசகும்.

முப்பது கேள்விகளையும் மேசையில் பரப்பி, ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேருங்கள். எங்களுக்கு ஐந்து குவியல் வந்தது, ஐந்து டூல் ஆனது: பிளேயர்_தேடு, ஆட்டம்_தேடு, ஆட்டம்_எடு, நிலை_காட்டு, நிலை_மதிப்பிடு. பிறகு ஒவ்வொரு கேள்வியின் பக்கத்திலும் எந்த டூல், எந்த வரிசை என்று எழுதுங்கள். இரண்டு டூல்களில் எதை அழைப்பது என்று உங்களுக்கே குழப்பம் வந்தால் மாடலுக்கும் வரும். அவற்றை ஒன்றாக்குங்கள், இல்லையென்றால் எல்லையைத் தெளிவாகப் பிரியுங்கள்.

3. விளக்கத்தின் முதல் நான்கு வரிகள்

ஒரு மாணவர் முதலில் எழுதிய விளக்கம்: "ஆட்டங்களைத் தேடும்." அவ்வளவுதான். நிரல் எழுதியவருக்கு அது போதும். மாடலுக்கு எதைக் கொண்டு தேடுவது, எத்தனை ஆட்டம் வரும், நகர்வுகளும் வருமா என்று ஒன்றும் தெரியாது.

நான்கு விஷயங்களை இதே வரிசையில் எழுதுங்கள்: என்ன செய்யும், எப்போது அழைக்க வேண்டும், எப்போது அழைக்கக்கூடாது, என்ன திரும்பி வரும். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பக்கத்து டூலோடு குழம்பாமல் தடுப்பது அதுதான்.

திருத்திய பிறகு:

"ஒரு வீரரின் ஆட்டங்களை நிறம், முடிவு, ஓப்பனிங், தேதி ஆகியவற்றால் வடிகட்டிப் பட்டியல் தரும். ஒருவர் எப்படி ஆடுகிறார், எத்தனை வெற்றி, எந்த ஓப்பனிங்கில் சறுக்குகிறார் போன்ற கேள்விகளுக்கு இதை அழைக்கவும். வீரரின் பெயரை இதற்கு அனுப்ப வேண்டாம். முதலில் பிளேயர்_தேடு அழைத்து எண்ணைப் பெறவும். நகர்வுகள் இதில் வராது, அதற்கு ஆட்டம்_எடு. ஒரு முறைக்கு அதிகபட்சம் 50 ஆட்டங்கள், புதியது முதலில். மொத்த எண்ணிக்கை தனியாக வரும்."

கடைசி வரி அவசியம். மொத்தம் எத்தனை என்பது தெரியாவிட்டால், வந்த 50ஐ மட்டும் வைத்து "இதுவரை ஆடியது 50 ஆட்டம்" என்று ஏஜென்ட் சொல்லிவிடும்.

விளக்கத்தைத் தமிழில் எழுதலாமா என்று கேட்கிறார்கள். எழுதலாம். ஆனால் பல மாடல்களில் தமிழ் எழுத்து அதிக டோக்கன் (மாடல் உரையை வெட்டி எண்ணும் துண்டு) எடுக்கும், விளக்கமோ ஒவ்வொரு உரையாடலிலும் கூடவே போகும். அதனால் நாங்கள் ஆங்கிலத்தில் எழுதி, மக்கள் பேச்சில் வரும் தமிழ்ச் சொற்களை மட்டும் உள்ளே சேர்த்தோம். கறுப்பு, பிளாக், கறுப்புக்காய் என எல்லாம் ஒன்றுதான் என்று ஒரு வரி போட்டோம்.

4. ஆட்களின் பெயர்: நம் ஊரில் இதற்குத் தனி அக்கறை வேண்டும்

மேற்கத்திய டேட்டாவைப் பார்த்துப் பழகிய மாடல், பெயர் என்றால் முன்பெயரும் குடும்பப்பெயரும் என்று எடுத்துக்கொள்ளும். நம்மிடம் இருப்பது இனிஷியலும் பெயரும். விஸ்வநாதன் ஆனந்தில் விஸ்வநாதன் அப்பா பெயர், ஆனந்த் அவர் பெயர். செய்தியில் "ஆர். பிரக்ஞானந்தா" என்று வருவது ஃபிடே (சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பு) பட்டியலில் "பிரக்ஞானந்தா ஆர்" என்று இருக்கும். அவருடைய அக்கா ஒரு இடத்தில் ஆர். வைஷாலி, இன்னொரு இடத்தில் வைஷாலி ரமேஷ்பாபு.

உலகம் அறிந்தவர்களுக்கே இப்படி என்றால், மையத்தில் ஆடும் பிள்ளைகளின் நிலை எப்படி இருக்கும் என்று பாருங்கள். கயல்விழி என்ற பெயரை ஆங்கிலத்தில் ழகரத்துக்கு இரண்டெழுத்துப் போட்டும் எழுதுகிறார்கள், வெறும் லகரமாகவும் எழுதுகிறார்கள். எண் கணிதம் பார்த்து ஓர் எழுத்தைக் கூட்டிக்கொண்டவர்களும் உண்டு. ஒரே போட்டியில் எஸ். கார்த்திக் மூன்று பேர் இருப்பது நம் ஊரில் சாதாரணம்.

அதனால் பெயரைக் கையாளும் வேலை ஒரே ஒரு டூலுக்கு மட்டும் இருக்கட்டும். பிளேயர்_தேடு பெயரை வாங்கி, பொருந்துபவர்களின் எண்ணைத் தரும். மற்ற எல்லா டூலும் எண்ணை மட்டும் ஏற்கும். ஃபிடே எண் இருந்தால் அது, இல்லாதவர்களுக்கு மையத்தின் சொந்த எண். ஃபிடே எண் ஒருவருக்கு ஒன்றுதான், எழுத்து மாறினாலும் அது மாறாது.

விளக்கத்தில் இப்படி எழுதினோம்: "பெயரை ஆங்கில எழுத்தில் அனுப்பவும். இனிஷியல் முன்னும் இருக்கலாம், பின்னும் இருக்கலாம். இனிஷியல் இல்லாமல் பெயரை மட்டும் அனுப்புவது நல்லது. எழுத்து வேறுபாடுகளை டூலே பார்த்துக்கொள்ளும். ஒன்றுக்கு மேற்பட்டவர் வந்தால் நீங்களாக ஒருவரைத் தேர்வு செய்ய வேண்டாம். பிறந்த வருடத்தையும் இனிஷியலையும் காட்டிப் பயனரிடம் கேட்கவும்."

கடைசி வாக்கியம் இல்லாதபோது ஏஜென்ட் பட்டியலில் முதலில் வந்தவரை எடுத்துக்கொண்டது. ஒரு பையனின் தோல்விகளை இன்னொரு பையனின் அப்பாவிடம் சொன்னது. அப்பா அதை நம்பி வீட்டில் பிள்ளையைத் திட்டியிருக்கிறார். அன்றிலிருந்து இந்த வரியை எந்த டேட்டாவுக்கும் முதல் வேலையாக எழுதுகிறேன்.

பிள்ளைகளின் தொலைபேசி எண், முகவரி ஆகியவற்றை டூல் திருப்பித் தரவே கூடாது. "வெளியிட வேண்டாம்" என்று விளக்கத்தில் எழுதுவதை நம்பாதீர்கள். டேட்டாவிலேயே அதை வெட்டிவிடுங்கள்.

5. எண்கள்: அலகு, யார் பக்கம், எந்த நாள்

இந்தப் பகுதிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். எண் தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டால் எந்தப் பிழைச்செய்தியும் வராது.

ஆட்டத் திறமையைக் காட்டும் எண்ணான ரேட்டிங்கிலிருந்து தொடங்குவோம். ஃபிடேயில் ஸ்டாண்டர்டு (நீண்ட நேர ஆட்டம்), ரேபிட் (குறைந்த நேரம்), பிளிட்ஸ் (மிகக் குறைந்த நேரம்) என ஒருவருக்கு மூன்று ரேட்டிங் இருக்கலாம், எல்லாம் எலோ என்ற கணக்கு முறை. லிச்செஸ் என்ற ஆன்லைன் சதுரங்கத் தளத்தின் ரேட்டிங் கிளிக்கோ-2 என்ற வேறு கணக்கு முறையில் வருவது. இரண்டும் ஒரே எண் போலத் தெரியும், ஆனால் ஒப்பிடக்கூடாது. எங்கள் புலத்தின் பெயர் வெறும் "ரேட்டிங்" என்று இருந்தது. 1600க்குக் கீழ் உள்ளவர்களுக்கான போட்டியில் மகள் ஆடலாமா என்று ஒருவர் கேட்டார். ஆன்லைன் ரேட்டிங் 1780ஐப் பார்த்து, முடியாது என்றது ஏஜென்ட். ஃபிடேயில் அந்தப் பெண் 1520. புலத்தின் பெயரையே "ஃபிடே_ஸ்டாண்டர்டு_ரேட்டிங்" என்று மாற்றினோம். விளக்கத்தில் நீளமாக எழுதுவதைவிடப் பெயரிலேயே சொல்லிவிடுவது உறுதியானது.

இன்னொன்று. 2024 மார்ச் 1 அன்று ஃபிடே, 2000க்குக் கீழ் இருந்தவர்களின் ஸ்டாண்டர்டு ரேட்டிங்கை ஒரே முறையாக உயர்த்தியது. 2000க்கு எவ்வளவு குறைகிறதோ அதில் 40 சதவீதம் கூட்டப்பட்டது. 1200 இருந்தவர் 1520 ஆனார். இது தெரியாத ஏஜென்ட், "ஒரே மாதத்தில் 320 புள்ளி முன்னேற்றம்" என்று பாராட்டும். டேட்டாவில் இப்படி ஒரு முறிவு இருந்தால் அதைத் தேதியோடு விளக்கத்தில் எழுதுங்கள்: "இந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் உள்ள ரேட்டிங்கை நேரடியாகக் கழிக்க வேண்டாம்."

அடுத்தது நேர அளவு. ஒவ்வொருவருக்கும் 10 நிமிடம், கூடுதல் விநாடி இல்லை என்ற ஆட்டம் ஃபிடே விதிப்படி பிளிட்ஸ், லிச்செஸில் ரேபிட். வகைப் பெயரை மட்டும் வைத்தால் கணக்கு கலந்துபோகும். எந்தப் பிரிவின்படி என்று எழுதி, நேரத்தையும் தனியாகத் தாருங்கள். பிஜிஎன் (ஆட்டங்களைப் பதியும் பொது உரை வடிவம்) கோப்பில் நேரம் விநாடியில் இருக்கும்: 90 நிமிடமும் நகர்வுக்கு 30 விநாடியும் என்றால் 5400+30. நம் ஆட்கள் பேசுவதோ "90 ப்ளஸ் 30". உள்ளீட்டின் பெயரிலேயே "விநாடியில்" என்று சேர்த்தால் மாடல் தானாகப் பெருக்கி அனுப்புகிறது.

தேதியில் இரண்டு பள்ளங்கள். பிஜிஎன் 2022.07.28 என்று வருடத்தை முதலில் எழுதும், நம் படிவங்களில் நாள் முதலில் வரும். ஒரு வடிவத்தை முடிவு செய்து ஓர் எடுத்துக்காட்டும் தாருங்கள். அடுத்து நேர மண்டலம். லிச்செஸ் பதிவுகள் உலகப் பொதுநேரத்தில் இருக்கும், சென்னை நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு ஆடிய ஆட்டம் அங்கே சனி இரவு 8:30. "ஞாயிற்றுக்கிழமை ஆடுனது" என்று கேட்டால் அது விடுபட்டுவிடும். டூலுக்குள்ளேயே இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டு, மாற்றியிருப்பதை விளக்கத்தில் சொல்லுங்கள். லிச்செஸில் தேதி வரம்பை மில்லிவிநாடியில் கேட்பார்கள். அந்த வேலையையும் மாடலிடம் விடாதீர்கள்.

கடைசியாக, நிலையின் மதிப்பு. ஸ்டாக்ஃபிஷ் போன்ற சதுரங்க இன்ஜின் (நகர்வுகளைக் கணக்கிடும் நிரல்) சிப்பாயின் நூறில் ஒரு பங்கை அலகாக வைத்து மதிப்பிடும், 150 என்றால் ஒன்றரைச் சிப்பாய். ஆனால் யூசிஐ (இன்ஜினோடு மற்ற நிரல்கள் பேசும் நெறிமுறை) முறையில் அது யார் ஆட வேண்டுமோ அவர் பக்கத்திலிருந்து சொல்வது. கறுப்பு ஆட வேண்டிய நேரத்தில் +150 என்றால் கறுப்புக்கு நல்லது. இதைச் சொல்லாவிட்டால் ஏஜென்ட் எல்லா நேரமும் வெள்ளைக்கு நல்லது என்று படிக்கும், பாதி நிலைகளில் தலைகீழான பதில் வரும். நாங்கள் எல்லாவற்றையும் வெள்ளையின் பக்கத்துக்கு மாற்றி, "நேர் எண் வெள்ளைக்குச் சாதகம், எதிர் எண் கறுப்புக்குச் சாதகம், யார் நகர்வு என்பது இதை மாற்றாது" என்று எழுதினோம். மேட் வரும் நிலைக்கு எண் தராமல் தனிப் புலம் வைத்தோம்.

6. நகர்வு எண்ணும் பலகை நிலையும்

"55வது நகர்வு" என்றால் வெள்ளையா கறுப்பா? 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் 14வது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளையில் ஆடிய டிங் லிரன் 55வது நகர்வில் செய்த தவறுதான் குகேஷுக்குப் பட்டத்தைத் தந்தது. இன்ஜின் பக்கம் அரை நகர்வுகளாக (வெள்ளையின் நகர்வையும் கறுப்பின் நகர்வையும் தனித்தனியாக) எண்ணினால் அது 109வது. டூலுக்கு 55 என்று அனுப்பினால் 28வது நகர்வுதான் கிடைக்கும்.

அதனால் நிலை_காட்டு டூலில் ஒரே எண்ணுக்குப் பதில் இரண்டு உள்ளீடு வையுங்கள்: நகர்வு எண், நிறம். அப்புறம் அந்த நகர்வுக்கு முந்தைய நிலையா பிந்தைய நிலையா என்பதையும் எழுதுங்கள். தவறை ஆராய வேண்டுமென்றால் முந்தையது வேண்டும்.

இந்த டூல் எதற்குத் தனியாக என்று கேட்பார்கள். நகர்வுப் பட்டியலைப் படித்துப் பலகையைத் தானாகக் கட்டச் சொன்னால் மாடல் பல நேரம் தவறும், நீளமான ஆட்டத்தில் இன்னும் அதிகம். பலகை நிலையை எஃப்இஎன் வரியாக (முழு நிலையையும் ஒரே வரியில் எழுதும் முறை) டூலே தரட்டும். நிலை_மதிப்பிடு விளக்கத்தில் "எஃப்இஎன் வரியை நீங்களாக எழுத வேண்டாம், நிலை_காட்டு தந்ததை ஆறு பகுதிகளும் அப்படியே இருக்க அனுப்பவும்" என்று எழுதுங்கள். முதல் பகுதியை மட்டும் அனுப்பினால் யார் நகர்வு என்பதே இன்ஜினுக்குத் தெரியாது.

7. எதை ஏற்பீர்கள் என்பதைப் பட்டியலாகத் தாருங்கள்

நிறம், முடிவு, போட்டி வகை போன்ற புலங்களுக்கு எதை வேண்டுமானாலும் எழுதக்கூடிய உரையாக விடாமல், ஸ்கீமாவில் அனுமதித்த மதிப்புகளைப் பட்டியலிடுங்கள். "வின்", "வெற்றி", "ஜெயிச்சது" என்று மாடல் புதிதாக ஒன்றை உருவாக்க இடம் இருக்காது.

முடிவில் ஒரு கவனம் வேண்டும். பிஜிஎன்னில் 1-0 என்றால் வெள்ளை வென்றது, 0-1 என்றால் கறுப்பு. குகேஷ் பட்டம் வென்ற அந்த ஆட்டத்தின் முடிவு 0-1. கேட்பவருக்கு வேண்டியது தம் பிள்ளை வென்றதா என்பதுதான். எனவே "வீரரின்_முடிவு" என்று வெற்றி, தோல்வி, டிரா மூன்று மதிப்புகளோடு ஒரு புலம் வையுங்கள்.

ஓப்பனிங் குறியீடு ஏ00 முதல் இ99 வரை. சிசிலியன் என்ற ஓப்பனிங் பி20 முதல் பி99 வரை நீளும். "சிசிலியன்" என்று கேட்டவருக்கு ஒரே குறியீட்டை மட்டும் தேடினால் பெரும்பகுதி விடுபடும். வரம்பாக அனுப்பலாம் என்று எழுதி, இந்த எடுத்துக்காட்டையே கொடுங்கள்.

8. காலிப் பதிலும் பிழைச் செய்தியும்

எங்கள் பதிவு ஒரு குறிப்பிட்ட வருடத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஆட்டங்களைக் கேட்டபோது டூல் காலிப் பட்டியலைத் தந்தது. ஏஜென்ட் "அவர் அந்த வருடம் ஆடவில்லை" என்றது. ஆடவில்லை என்பது வேறு, எங்களிடம் இல்லை என்பது வேறு. விளக்கத்தில் பதிவின் தொடக்க வருடத்தையும் எந்தப் போட்டிகள் இதில் இல்லை என்பதையும் எழுதுங்கள். காலியாகத் திரும்பும்போதும் அதே வரியைப் பதிலோடு அனுப்புங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில்தான் மாடலுக்கு அது தேவை.

பிழைச் செய்தி அடுத்து என்ன செய்வது என்று சொல்ல வேண்டும். "தவறான உள்ளீடு" என்றால் ஏஜென்ட் அதையே திரும்ப அனுப்பும். "வீரர் எண் தேவை, பெயர் வந்திருக்கிறது, பிளேயர்_தேடு அழைக்கவும்" என்றால் அடுத்த அழைப்பிலேயே சரிசெய்துகொள்ளும்.

9. சோதனை

முதலில் ஒரு மனிதரிடம். உங்கள் நிரலைப் பார்க்காத நண்பரிடம் விளக்கங்களை மட்டும் காகிதத்தில் கொடுத்து, முப்பது கேள்விகளில் பத்தைக் கேளுங்கள். எந்த டூலை எந்த மதிப்போடு அழைப்பார் என்று அவர் எழுதட்டும். அவர் உங்களிடம் திரும்பக் கேட்கும் ஒவ்வொரு சந்தேகமும் விளக்கத்தில் விடுபட்ட ஒரு வரி. ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடிந்துவிடும், மாடலோடு இரண்டு நாள் மல்லுக்கட்டுவதை மிச்சப்படுத்தும்.

பிறகு ஏஜென்ட்டிடம். ஒவ்வொரு கேள்விக்கும் புது உரையாடல் தொடங்குங்கள். பழைய உரையாடலில் நீங்கள் சொல்லிக்கொடுத்தது உதவிக்கு வந்து, விளக்கத்தின் ஓட்டையை மறைத்துவிடும். கேள்விகளைப் பேச்சுத்தமிழிலும், ஆங்கில எழுத்தில் அடித்த தமிழிலும் கேளுங்கள், பெற்றோர் அப்படித்தான் தட்டச்சு செய்கிறார்கள். "போன வாரம்" என்ற கேள்வியையும் சேருங்கள். இன்றைய தேதி மாடலுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

பதிலை மட்டும் பார்த்துச் சரி என்று விடாதீர்கள், லாக்கைப் படியுங்கள். தப்பான டூலை அழைத்திருந்தால் பெயரிலோ "எப்போது அழைக்க" வரியிலோ குறை. டூல் சரி, மதிப்பு தப்பு என்றால் அந்த உள்ளீட்டின் விளக்கத்தில் குறை. இரண்டும் சரி, பதில் தப்பு என்றால் திரும்பி வந்த புலத்தின் பெயரிலோ அலகிலோ குறை.

ஒரு நேரத்தில் ஒரு வரியை மட்டும் மாற்றி, முப்பது கேள்விகளையும் மறுபடி ஓட்டுங்கள். ஆட்டம்_தேடு விளக்கத்தில் நான் சேர்த்த ஒரு வாக்கியம், அதுவரை சரியாக இருந்த ஆட்டம்_எடு கேள்விகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. முழுப் பட்டியலையும் ஓட்டியதால்தான் அது கண்ணில் பட்டது.

டேட்டாவில் புதுப் புலம் சேரும்போதும், மாடலின் பதிப்பு மாறும்போதும் இதே முப்பதையும் ஓட்டுங்கள். பயன்படுத்துபவர் யாராவது புது மாதிரிக் கேள்வி கேட்டால் அதை அவர் சொன்னபடியே எழுதி 31வதாகச் சேருங்கள்.